ஜிப் அக்காவுக்குக் கிடைத்த நாற்காலி

பள்ளிக்கூடப் பை தைக்கும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டம்தான் உற்பத்திப் பிரிவின் கண்ணாடி அறைக்குள் எனக்கு ஒரு மேசை வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள். அவற்றைத் தாண்டி, ஜன்னலோரம், தைத்து வந்த பைகளைச் சரிபார்க்கும் நீள மேசை. அங்கே ஓர் அம்மா நின்றுகொண்டு ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு பை முடிந்ததும் அடுத்த பை. பார்த்துக்கொண்டே இருந்தவன் பொறுக்க மாட்டாமல் எழுந்து போய்க் கேட்டேன்.

“என்னக்கா, ஜிப் எல்லாம் ரிப்பேரா?”

“ஜிப் நல்லாத்தான் இருக்கு தம்பி. விரல்தான் ரிப்பேர். ஜிப்பை ஓட்டிப் பார்க்கிற சாக்குல விரலையும் கொஞ்சம் ஓட்டிக்கிறேன்.”

பக்கத்தில் கனத்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எண்ணெய் போடாத மெஷின் சார் அது. சூடு ஏறினாத்தான் ஓடும்.”

“நீ பேசாதடி சோடாபுட்டி. மத்தியானம் ஆனா உனக்கு நூல் எது, மீசை எதுன்னு தெரியாது.”

மேசையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் எனக்கும் ஜிப் அக்கா.

அவருக்கு வந்திருப்பது முடக்குவாதம். வயதாகித் தேய்கிற மூட்டு வலி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடித்து வீங்க வைக்கிற நோய். இரண்டாவது பிள்ளை பிறந்த வருடம் வந்தது, இன்னும் போகவில்லை. காலையில் விரல் மடங்காது. ரவிக்கைக் கொக்கியை மகள்தான் மாட்டிவிட வேண்டும். அசைய அசைய இளகும். இளகிவிட்டதே என்று துள்ளினால் மறுநாள் மணிக்கட்டு பன் மாதிரி வீங்கி, ஒரு டம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருக்கும்.

“உடம்பு நல்லா இருக்கிற அன்னைக்குத்தான் தம்பி எனக்குப் பயம்” என்பார். “இதுதான் சமயம்னு வீட்டையே கவுத்துப் போட்டுத் துடைப்பேன். அப்புறம் மூணு நாள் என்னைத்தான் துடைச்சு எடுக்கணும்.”

அடிபட்டு அடிபட்டு அவர் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார். காலையில் ஜிப் சோதனை அவருக்கு, தையல் ஓரத்துப் பிசிறு வெட்டுவது சோடாபுட்டிக்கு. மதியத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்வார்கள். அதற்குள் அக்காவின் விரல் கத்தரிக்கு வளையும். சோடாபுட்டியின் கண்ணில் நீர் கட்ட ஆரம்பித்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, பின்னால் அடுக்கியிருக்கும் துணிக்கட்டுகளின் மேல் மணி அடிக்கும்வரை படுத்திருப்பார். அந்தப் படுக்கை இருந்தால்தான் சாயங்காலம் வரை கை ஓடும். அந்த மேசையில் ஒரு நாளும் வேலை தங்கியதில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இதைத்தான் பொறுக்க முடியவில்லை, புதிதாக வந்த மேனேஜருக்கு.

அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘ஐயோபாவம்’. யார் தலையில் கல்லைப் போடுவதாக இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் அக்கா மகளின் சைக்கிளை ஓட்டிப்போவதைப் பார்த்திருக்கிறார். மெதுவாகச் சைக்கிள் ஓட்டச் சொன்னதே டாக்டர்தான். முட்டி இறுகாமல் இருக்க அதுவும் ஒரு மருந்து. திங்கட்கிழமை காலை அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நான் என் மேசையில் இருந்தேன்.

“ஏம்மா, இங்க மத்தியானம் படுத்துத் தூங்குறீங்க. அங்க சைக்கிள் சவாரி. எது நெஜம்?”

“ரெண்டும் நெஜம்தான் சார்.”

“அது எப்படிம்மா? முடியலன்னா முடியல. முடியும்னா முடியும்.”

“கொஞ்ச நேரம் முடியும், கொஞ்ச நேரம் முடியாது சார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுறேன்.”

“ஐயோ பாவம்” என்றார் அவர். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இனிமே நீங்க நிக்கவே வேண்டாம். வாசல் ஸ்டோர்ல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். சும்மா உக்காந்து வர்ற போற சாமானைப் பாருங்க. மேசையில இனி ஆளுக்கு ஒரு வேலை. மாத்திக்கிற கதையெல்லாம் கூடாது. துணிக்கட்டு மேல யாரும் படுக்கவும் கூடாது.”

நோயாளிக்கு நாற்காலி கொடுத்த புண்ணியவான்! கேட்பவர்களுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும். அசையாமல் உட்கார வைப்பது அந்த உடம்புக்கு விஷம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “டிகிரி பொருளாதாரமா, வைத்தியமா தம்பி?” என்று கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத ஓர் இடுக்கு. சிமெண்டுத் தரை, ஓர் இரும்பு நாற்காலி. எழுந்து நடந்தால் காவலாளி எட்டிப் பார்ப்பார். அவருக்கு அப்படி உத்தரவு. ஒரு வாரத்துக்குள் அக்காவின் முட்டி பூட்டிக்கொண்டது. சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழ, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மீதியை எழுந்தார். ரோட்டைக் கடக்கும்வரை கூடப் போனேன்.

“நாற்காலி எப்படிக்கா இருக்கு?”

“நல்லா ஒட்டிக்குது தம்பி. பிரிக்கத்தான் ஆள் வேணும்.”

வீட்டிலும் அதே கச்சேரி. கணவர் கெட்டவர் இல்லை. வலிக்குது என்றால் ஓடிப்போய் மாத்திரை வாங்கி வருகிறவர். ஆனால் அவரும் கேட்டாராம்: “நேத்து ஒட்டடை அடிச்ச. இன்னைக்குச் சட்டியைக் கழுவ முடியலங்கிற. நாள் பார்த்து வருமா உன் நோய்?”

“ஆமா, பஞ்சாங்கம் பார்த்துதான் வருதுன்னு சொன்னேன்” என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. நான் வளர்ந்த ஊரில் காய்ச்சல் என்றால் படுக்கை, எழுந்தால் வயல். நடுவில் ஒன்றும் கிடையாது. நகரத்துக்கு வந்தால், குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் அதே கணக்குத்தான். படுத்துக் கிட, பரிதாபப்படுகிறோம். இல்லையா, எருமை மாதிரி உழை, பாராட்டுகிறோம். கொஞ்சம் உழைத்துக் கொஞ்சம் படுத்துத் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறவளைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் சந்தேகம். படுத்தால் சோம்பேறி, எழுந்தால் நடிப்புக்காரி. அந்த அம்மா எந்த நேரத்தில் எப்படி இருந்தால் இவர்கள் நம்புவார்கள்?

இரண்டாவது வாரம் அக்கா கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

“சார், எனக்கு என் மேசை வேணும்.”

“உங்களுக்குச் சலுகை குடுத்தா அதுவும் தப்பாம்மா? ஒண்ணு நோயாளியா இருங்க, இல்ல வேலைக்காரியா இருங்க.”

“நான் ரெண்டுமாத்தான் சார் இருக்கேன். பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன். உங்க நாற்காலியில உக்காந்தா வெறும் நோயாளி ஆயிடுவேன். அடுத்து அந்த நோயாளி எதுக்குன்னு நீங்களே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க.”

அவர் முகம் சிவந்தது. பதில் வருமுன் கதவோரம் இன்னொரு குரல். சோடாபுட்டி வந்து நின்றிருந்தார். கண்கள் ரத்தச் சிவப்பு.

“சார், காலையிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் பிசிறே பார்த்தா என் கண்ணு அவிஞ்சுடும். வெட்டினது நூலா, பையான்னே தெரியல. போய்ப் பாருங்க.”

எல்லோரும் போய்ப் பார்த்தோம். மேசையில் பைகள் மலையாகக் கிடந்தன. நான்கைந்தில் நூலோடு சேர்த்துத் துணியும் வெட்டுப்பட்டிருந்தது. கீழே சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். ஐயோபாவம் மலையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார்.

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. போய்த் தன் இடத்தில் நின்று ஒரு பையை எடுத்தார். ஜிப் பாதியில் நின்றது. விரலை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி இழுத்தார். மேசைப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“சரி சரி, முதல்ல சரக்கை அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு மேனேஜர் திரும்பி நடந்தார். மனம் இளகி அல்ல, லாரி நின்றதால்.

மேசை திரும்பக் கிடைத்தது. படுக்கை கிடைக்கவில்லை. “வேலை நேரத்துல வேலை, தூக்கம் வீட்டுல” என்று துணிக்கட்டுகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். வேலையைப் போராடி வாங்கிவிடலாம். ஓய்வு அந்த வேலையின் பாதி என்று ஒப்புக்கொள்ள வைக்க இன்னும் எத்தனை லாரி நிற்க வேண்டுமோ தெரியவில்லை. நானும் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது முறையும் பேசுவேன்.

ஜிப் அக்கா இப்போதும் அதே கம்பெனியில், அதே மேசையில் வேலை செய்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் ரோட்டைத் தாண்டி, எதிரே இருக்கும் சலவைக் கடைக்குப் போகிறார். கடைக்கார அம்மா பின்கட்டில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறார். மணி அடிக்கும் முன் அவரே எழுப்பியும் விடுகிறார்.