இடித்துக் கட்டிய சரிவு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம். தேனியிலிருந்து பெரியகுளம் போகிற வழியில், ஊர் முடிந்து வீட்டுமனைப் பிளாட்டுகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. நான் கொத்தனார். அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் வேலை. மதியம் ரெண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.

சோறு வடித்து இறக்கி வைத்திருந்தது. என் மனைவி அடுப்படியில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பகலில் உட்காருகிற ஆள் இல்லை அவள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"வாய்வு. நெஞ்சுல அடைச்சுக்கிட்டு நிக்கிது. நீங்க சாப்பிடுங்க."

பெட்டிக்கடையில் சோடா வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் அதைத்தான் செய்வோம். பாதி குடித்தாள். அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஜாக்கெட் முதுகு முழுக்க வேர்வை. இடது தாடையும் வலிக்கிறது என்றாள். பல்வலியும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன்.

எங்கள் தெருப்பக்கம் ஆட்டோ வராது. மொபெட்டில் ஏற்றினேன். பின்னால் உட்கார்ந்தவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன்.

"கல்யாணத்துல போட்ட முடிச்சு பத்தலயாக்கும்," என்றாள்.

மெயின் ரோட்டில் ஒரு டாக்டர் இருக்கிறார். காய்ச்சல் தலைவலிக்கு அங்கேதான் போவோம். ஷட்டர் இறங்கியிருந்தது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்று போர்டு. எத்தனையோ தடவை பார்த்த போர்டுதான். அன்றைக்குத்தான் படித்தேன்.

பக்கத்து மருந்துக்கடைப் பெண் போனைத் தட்டிப் பார்த்து, அடுத்த காலனியில் ஒரு கிளினிக் காட்டுகிறது என்றாள். போனேன். முதல் குறுக்குத் தெரு, ரெண்டாம் குறுக்குத் தெரு, எல்லாம் ஒரே மாதிரி. கடைசியில் இடம் வந்தது. அது பல் டாக்டர். அதுவும் பூட்டு.

வழியெல்லாம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். "ம்" என்பாள். அந்த "ம்" சின்னதாகிக்கொண்டே வந்தது.

இனி பெரியாஸ்பத்திரிதான். அது ஊரைத் தாண்டி அந்தக் கடைசியில் இருக்கிறது. வண்டியைத் திருப்பினேன். திருப்பத்தில் தள்ளுவண்டியில் திராட்சை விற்கிற ஒரு அம்மா குறுக்கே வந்து நின்றார். முன்பின் பேசியதில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. அக்கா சரியுறாக, பாக்கலயா?"

பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

"அம்புட்டுத் தூரம் இப்பிடியேவா? அங்கன தண்ணித்தொட்டிக்குப் பின்னால கெவருமெண்டு ஆஸ்பத்திரி இருக்குல்ல. அங்கன கொண்டு போங்க."

"அது பிள்ளைகளுக்கு ஊசி போடுற இடம்மா."

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. "அது நான் கட்டுன கட்டடம்," என்றேன்.

"கட்டுனீக சரி. உள்ள யாரு இருக்காகன்னு ஒரு நா எட்டிப் பாத்தீகளா?"

கேட்டுக்கொண்டே சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார். என் மனைவியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திராட்சையை ஒரு சாக்குப் போட்டுக்கூட மூடவில்லை.

"நீங்க நேராப் பாத்து ஓட்டுங்க. அக்கா, கண்ண மூடாதீக. பிள்ளைக பேரச் சொல்லுங்க, கேப்போம்."

மூத்தவள் பெயரைச் சொன்னாள். ரெண்டாவது பெயர் வரவில்லை.

அந்தக் கட்டடத்துக்குச் சுவரும் பூச்சும் தரையும் நாங்கள்தான் போட்டோம். முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வேறு எதற்கும் திரும்பியதில்லை. அன்றைக்குக்கூட அதைத் தாண்டித்தான் பல் டாக்டரிடம் போயிருக்கிறேன்.

வாசலில் நிறுத்தியதும் நர்ஸம்மா வெளியே வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். உள்ளே போய்ச் சக்கர நாற்காலியோடு வந்தார். துண்டு முடிச்சு வேர்வையில் இறுகி அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினார்.

"நடக்க விடாதீக. ஒரு எட்டுகூட வைக்கக் கூடாது."

வாசற்படிக்குப் பக்கத்தில், படியில்லாமல் ஏற ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. முதலில் நான் அதைக் குட்டையாக, செங்குத்தாகப் போட்டிருந்தேன். இன்ஜினியர் டேப் பிடித்துப் பார்த்து இடிக்கச் சொன்னார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றார். "இதுல என்ன மாட்டுவண்டியா சார் ஏறப் போகுது?" என்று கேட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே இடித்துக் கட்டினேன்.

அதில் நர்ஸம்மா ஒற்றை ஆளாக என் மனைவியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. நாற்காலி குலுங்கவில்லை.

உள்ளே ஈசிஜி எடுத்தார்கள். தாளைப் பார்த்ததும் நர்ஸம்மா முகம் மாறியது. டாக்டர் கிராமத்து மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸம்மா அந்தத் தாளைப் படம் பிடித்து அவருக்குப் போனில் அனுப்பினார்.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சுச்சு?"

"பதினோரு மணிக்கு," என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

நான் வீட்டுக்கு வரும்போதே மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. அதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். சோறு வடித்திருக்கிறாள்.

டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, நர்ஸம்மா ஒரு கை மாத்திரையை எண்ணி அவள் வாயில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாய்வு இல்லண்ணே. ஹார்ட் அட்டாக். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. இப்பிடிக் கட்டிக்கிட்டு ஊரச் சுத்துனதுக்கு, வீட்ல இருந்தே ஒரு போன் அடிச்சிருந்தா வாசலுக்கு வந்திருக்கும்ல?"

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் திராட்சைக்கார அம்மா என் மனைவியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பூசிய சுவர். வெடிப்பு இல்லை.

அதே சரிவில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். பெரியாஸ்பத்திரியில் ரெண்டு நாள் டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, இட்லியில் உப்பு இல்லை என்றாள். அங்கிருந்த டாக்டர், "மொதல்லயே அந்த மாத்திரை உள்ள போனதால பொழச்சாக," என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு திராட்சைக்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு வண்டி என்ன ஆனது என்று கேட்டேன்.

"ஆடு ரெண்டு ஏறி நல்லாத் தின்னுருச்சுக. மிச்சத்தப் போறவுக வாரவுக பாத்துக்கிட்டாக," என்று சிரித்தார். "அக்காவுக்குத் திராட்ச குடுக்கலாமான்னு டாக்டருகிட்டக் கேட்டு வாங்க. நல்ல கொத்தா எடுத்து வைக்கிறேன்."

கேட்டேன். கொடுக்கலாம் என்றார்கள்.

இப்போது எங்கள் பக்கம் வீடு கட்ட வருகிறவர்களை, அஸ்திவாரத்துக்கு நூல் பிடிப்பதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆஸ்பத்திரியைக் காட்டிவிடுகிறேன். யாராவது சரிவு வேண்டும் என்று சொன்னால், டேப் பிடித்து அளந்து போடுகிறேன். அதில் யார் ஏறப் போகிறார் என்று கேட்பதில்லை.