தாட்சாயணியின் இரண்டாவது கேள்வி

“மாடு ஒங்களுதா பெரியவரே, இல்ல மண்டிக்காரருதா?”

புத்தூரில் ரயிலேறித் தார்க்குச்சியைக் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் திருதிருவென்று விழித்தார். எதிர்ப் பலகையிலிருந்த அம்மாள் முறுக்கைக் கடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். மாட்டுவண்டி தன்னுடையது, மாடு மண்டிக்காரருடையது என்று பெரியவர் சொன்னதும், “அப்ப எவ்ளோ பாரம் ஏத்தறதுன்னு யாரு சொல்றது?” என்று அடுத்த கேள்வி வந்தது. ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் வருவதற்குள் அவர் தன் பிழைப்பு முழுவதையும் கொட்டித் தீர்த்துவிட்டார். ஊர், சாதி, பாஷை எதையும் அந்த அம்மாள் கேட்கவில்லை. ஆந்திரம் பிரிந்து ஐந்து வருஷமாகியும் நகரி மதராஸுக்கா ஆந்திரத்துக்கா என்பது தீராமல் டீக்கடைக்கு டீக்கடை மண்டை உடைகிற காலம் இது. தமிழா தெலுங்கா என்று கேட்காத ஆளை இந்தப் பக்கத்தில் நான் வேறு பார்த்ததில்லை.

அந்த அம்மாள் பெயர் தாட்சாயணி. நகரியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு, எட்டு வைத்தால் கூட வருபவர் ஓட வேண்டிய நடை. சொத்துள்ளவன், உழைப்பவன் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஜெர்மன் தத்துவஞானியை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “தாடிக்காரர்” என்றுதான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரைப் போல. மாணவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் “தாடி டீச்சரம்மா.” அது தெரிந்தும் சிரித்துக்கொள்கிறார்.

துறைத் தலைவர் ரங்கையா நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். “ஏமம்மா, சமூகவியல்னா சாதி, குடும்பம், கிராமம். நீங்க நடத்தறது பாலிடிக்ஸ் காதா?” என்று தெலுங்கு கலந்து அடிக்கடி கேட்பார். போன வருஷம் தாட்சாயணி நகரி நெசவாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியபோது, அவர்களில் தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை என்று எழுதினால் போதும், வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஜாடையாகச் சொன்னார். “அத எண்ண நெறைய பேரு இருக்காங்க சார். தறி யாருதுன்னு நான் பாக்கறேன்” என்றார் தாட்சாயணி.

விடுமுறையில் பிறந்த வீட்டில் தங்கிப் பார்க்கப் போன இடத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த மாதம் தறி முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் தாட்சாயணியின் சொந்த அண்ணன் ஏகாம்பரம். சாயங்காலம் எல்லைப் போராட்டக் கூட்டத்தில் மேடையேறித் தெலுங்கு முதலாளிகளை வாய்க்கு வந்தபடி ஏசிய ஏகாம்பரம், மறுநாள் காலை அதே ஆட்களோடு உட்கார்ந்து கூலியைப் பேசி முடித்திருந்தார். நெசவாளர்களோ, நாம் தறியை நிறுத்தினால் தமிழன் போய் நெய்துவிடுவான், தெலுங்கன் நெய்துவிடுவான் என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக் குறைந்த கூலிக்கே தறிக்குழியில் இறங்கினார்கள்.

தாட்சாயணி இரண்டு தெருவுக்கும் போனார். தமிழ்த் தெருவில் தமிழில், தெலுங்குத் தெருவில் தெலுங்கில், ஒரே விஷயத்தைச் சொன்னார். “மேடையில அடிச்சிக்கிறவங்க கூலியில ஒண்ணா இருக்காங்க. நீங்க ஏன் ரெண்டா நிக்கிறீங்க?”

ஏகாம்பரம் வாசலில் வழிமறித்தார். “நம்ம வூட்டு சோத்தத் துன்னுக்கினு, நம்ம தறியையே நிறுத்தச் சொல்றியா?”

“சோறு நீ போட்டது இல்லண்ணா. தறியில எறங்கினவன் போட்டது.”

அண்ணன் கதவைச் சாத்தினார். தங்கை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டு தெருவிலும் தறிச் சத்தம் நின்றது. சாயப்பட்டறையில் நூல் அலசும் சேரிப் பெண்களும் அவர்களோடு சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். கையிருப்பு நூல் அப்படியே கிடக்க, சந்தைக்கு அனுப்பச் சேலையில்லாமல் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். பழைய கூலி திரும்பக் கிடைத்தது.

அன்று கோயில் மைதானத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. தமிழரும் தெலுங்கரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்து தாட்சாயணிக்குக் கண் நிறைந்துவிட்டதாம். தாடிக்காரர் சொன்னது நடந்துவிட்டதென்று நினைத்திருக்கிறார். அப்போதுதான் சாயப்பட்டறை செங்கம்மா கண்ணில் பட்டாள். மைதானத்துக்கு வெளியே புளியமரத்தடியில், தன் ஆட்களோடு, கொண்டுவந்து கொடுக்கப்போகும் சோற்றுக்காக உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் செங்கம்மா இங்க?”

“கூலிக்கு நிக்கறப்ப எங்களையும் கூப்ட்டாங்க டீச்சரம்மா. எலைக்கு யாரும் கூப்டல.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “ஒங்க தாடிக்காரரு இதுக்கு இன்னா சொல்லிக்கிறாரு?”

தாட்சாயணி அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அவருடைய கேள்வி இரண்டாகிவிட்டது. தறி யாருடையது என்பது ஒன்று. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது தானே தெரிந்துவிடும் என்று நம்புவது சோம்பேறித்தனம் என்று ஆய்வில் எழுதினார். மனிதன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொத்தும் தீர்மானிக்கிறது, மரியாதையும் தீர்மானிக்கிறது. முதல் கணக்கைப் போடக் கற்றுத்தந்தவர் தாடிக்காரர், இரண்டாவதை நாம்தான் போட வேண்டும் என்று முடித்தார்.

யாருக்கும் பிடிக்கவில்லை. ரங்கையா முதல் பாதியை வெட்டச் சொன்னார். பாகாலா ரயில்வே சங்கத்துச் சிட்டிபாபு, ஆய்வைப் புத்தகமாகப் போட முன்வந்தவர், இரண்டாம் பாதியை வெட்டச் சொன்னார். “சாதியப் பேசினா ஒத்துமை போயிடும் தோழர்” என்பது அவர் வாதம். “இல்லாத ஒத்துமை எங்க தோழர் போவும்?” என்று கேட்டுவிட்டுக் காகிதக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார் தாட்சாயணி. எதை வெட்டியிருந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அண்ணன் இன்னும் பேசவில்லை. “பரவால்ல, எழுதிக்கினுதான் இருக்கேன்” என்கிறார்.

இதை எழுதுவதற்காகச் சென்ற வாரம் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி வாங்கினேன். நகரியில் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் ரங்கையா வாசலில் வந்து நின்றார். மாணவர்கள் தடதடவென்று எழுந்தார்கள். பாடத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் உள்ளேயும் வரவில்லை, போகவுமில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். மாணவர்களை உட்காரச் சொல்லிக் கையமர்த்திய தாட்சாயணி, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை விடாமலே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலருகே அவர் பக்கமாகப் போட்டுவிட்டு, கரும்பலகைக்குத் திரும்பினார்.