அந்தோணி அண்ணன் கொண்டுவந்த கொக்கி

ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவருக்கு வலிப்பு வந்தது. கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று சாவிக்கொத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. "யாராவது இரும்பு கொண்டு வாங்களேன்!" என்று அலறினேன்.

பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர். "நவுரும்மா, இத்த வுட இன்னா இரும்பு வேணும்?" என்று பெரிய இரும்புக் கொக்கி ஒன்றைக் கொண்டுவந்து என் கணவர் கையில் திணித்தார். கை வெட்டி இழுத்ததில் கொக்கி எகிறி, அண்ணனின் பாதத்திலேயே விழுந்தது.

வலிப்பு தானாக நின்றது. சற்றுத் தெளிந்ததும் என் கணவர், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, "இவனுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மாவுக்கட்டு போட்ட நர்ஸம்மா என்னைத்தான் திட்டினார்: "ஒருக்களிச்சுப் படுக்க வை. கையில, வாயில ஒண்ணும் திணிக்காதே!"

இப்போது அப்படியே செய்கிறேன். படுக்க வைத்த கையோடு, அண்ணன் இரும்போடு வருவதற்குள் வாசல் கதவையும் தாழ் போட்டுவிடுகிறேன்.