பட்டாணி என்ற குதிரை

ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கேமை வயிற்றில் செருகிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குள் நடந்துபோன மடையனை நீங்கள் பார்த்ததில்லை என்றால், பார்த்துக்கொள்ளுங்கள், நான்தான். மடையன் என்பது நானாகச் சொல்லிக்கொள்வது. மாமாவுக்கு அன்றே தெரிந்திருந்தால் இன்னும் பொருத்தமான சொற்களால் என் வம்சத்தையே திட்டியிருப்பார். அந்த வம்சத்தில் பாதி அவருடையது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வரும்.

அந்தக் கேம், புத்தகம்போல மடக்கித் திறக்கும் சின்னப் பெட்டி. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் அக்காவுக்கு வாங்கி வந்தது. பெட்டி அசல்; உள்ளே போட்ட கேசட் டூப்ளிகேட். அதில் சேவ் பண்ண ஒரே ஓர் இடம்தான் உண்டு. புதிதாகச் சேவ் செய்தால் பழையது அழிந்துவிடும். வேறு எங்கும் எடுத்துப் பத்திரப்படுத்தவும் வழி கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் அக்கா போட்ட ஒரு சட்டம் இருந்தது. "வெளையாடிக்கலே. ஆனா சேவ் மட்டும் பண்ணுன, கைய ஒடிச்சிருவேன்."

அக்கா பிளஸ் டூ. வாளேந்திய ஒரு வீரனை நாடு விட்டு நாடு நடத்திக்கொண்டுபோய், ஒரு கோட்டைக் கதவின் முன்னால் பல வாரங்களாக நிறுத்தி வைத்திருந்தாள். வீரனிடம் ஒரு குதிரை இருந்தது. அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள். கோட்டைக் காவல்காரன் குதிரையைக் கேட்பான். கொடுத்தால் கதவைத் திறப்பான், குதிரை திரும்ப வராது. கொடுக்காமல் போக ஏதாவது வழி இருக்கும் என்று அவள் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். படிப்பில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு இவ்வளவுதான் மூளையா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் ஸ்பெஷல் கிளாசுக்குப் போனதும் பெட்டியை எடுத்தேன். காவல்காரன் குதிரையைக் கேட்டான். கொடுத்தேன். கதவு திறந்தது.

உள்ளே தங்கக் கூரைகளும் கொடிகளுமாக ஒரு பட்டணமே இருந்தது. சாயங்காலம்வரை அணைக்காமல் வைத்திருந்து, அக்கா மூஞ்சிக்கு நேரே காட்டிவிட்டு, பிறகு அணைத்துவிடலாம். அணைத்தால் அவள் சேவ் செய்த இடத்துக்கே ஆட்டம் திரும்பிவிடும், பட்டாணியும் வந்துவிடும். என் பெருமை எனக்கு, அவள் குதிரை அவளுக்கு. பிசகில்லாத திட்டம்.

வாசலில் மாமாவின் பைக் சத்தம் கேட்டது. மாமா எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்குப் பட்டாசு ஆர்டர் எடுத்துக் கொடுப்பவர். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. பெட்டியை வீட்டில் விட்டுப் போக முடியாது. அம்மா, ஓடாத ஃபேனையும் ஒரு தடவை அணைத்துப் பார்க்கிறவள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, பெட்டியை மடக்கி, டவுசருக்குள் செருகி, சட்டையை இழுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

சாத்தூர் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது கம்பெனி. கேட்டில் வாட்ச்மேன் ஒரு கூடையை நீட்டினார். மாமா தீப்பெட்டி, சிகரெட், செல்போன் எல்லாவற்றையும் அதில் போட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சின்ன மொதலாளி பீடி வச்சிருக்கீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். பீடியைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை.

உள்ளே நடக்கும்போது, "செல்லை எதுக்கு மாமா வாங்கி வைக்காக?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள பேட்டரி இருக்குல்ல? ஒரு பொறி போதும்லே. நீயி, நானு, இந்தா நிக்கிற கட்டடம், அம்புட்டும் மேல போயிரும்." மாமா இதை ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

டவுசருக்குள் பெட்டி கதகதவென்று இருந்தது. காலையில் இருந்து ஓடுகிற சூடு. அது வெடிக்கப்போகிற சூடு என்று முடிவு செய்தேன். மாமாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவரை இனிமேல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். கையை விட்டு அணைத்துவிடலாமா? அந்தப் பொத்தானை நகர்த்தும்போதுதான் பொறி வரும் என்றால்? மூச்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நடந்தேன்.

பாக்கிங் ஷெட் வாசலில் சுவரில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாம் அதில் கை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். "ஒடம்புல இருக்க கரண்டு எறங்கட்டும்," என்றார் மாமா. அவர் தொட்டார், போய்விட்டார். நான் தகட்டைப் பார்த்தபடி நின்றேன். என் உடம்பில் இருந்த கரண்டு எவ்வளவு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கதவோரம் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வயதுதான் இருக்கும்.

"ஏய்யா, வயித்த வலிக்கா?"

ஆமாம் என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, நீங்க பாருங்க. நான் புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து நடத்தினாள்.

பாதி தூரம் போயிருப்போம். வயிற்றை அழுத்திப் பிடித்ததில் சத்தம் கூட்டும் பொத்தான் நகர்ந்துவிட்டது. என் தொப்புளுக்குக் கீழிருந்து கோட்டைப் பட்டணத்தின் எக்காளங்கள் முழங்கின.

அவள் நின்றாள். "என்னலே, வயித்துக்குள்ள கச்சேரி நடக்கு?"

நான் அழ ஆரம்பித்தேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "கைய எடு. எதையும் தொடாத. பேசாம நட." எக்காளம் முழங்க முழங்க நாங்கள் இரண்டு பேரும் கல்யாண ஊர்வலம்போல நடந்தோம். கேட்டில் வாட்ச்மேன் வாயைத் திறப்பதற்குள், "புள்ளைக்கு வயிறு சரியில்லண்ணே," என்று சொல்லி என்னை வெளியே தள்ளினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த உடைமரத்தடிக்குப் போன பிறகுதான் என் தோளை விட்டாள்.

"அமத்து அத."

"அமத்துனா எல்லாம் போயிரும் அத்தே."

"அமத்தாம உள்ள கொண்டு வந்தியே, நாங்க போயிருப்போம்." திட்டிக்கொண்டே பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "என்ன போயிரும்?"

வாத்தியார் முன்னால் நிற்கிற பையன்போல ஒப்பித்தேன். வீரன், கோட்டை, ராட்சசன், உயிர் போவது, திரும்ப வருவது.

"செத்தா திரும்ப வருவானா?"

"வருவான்."

"எங்கன இருந்து?"

"கடைசியா எங்க சேவ் பண்ணுனமோ அங்க இருந்து."

"முன்ன இருந்த மாதிரியேவா?" அவள் கண், வேலிக்கு அந்தப் பக்கம் கூரை பறந்து கரிந்து நின்ற ஒரு ஷெட்டின் மேல் இருந்தது.

"அப்படியே வருவான் அத்தே. ஒரு காயம்கூட இருக்காது."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "சேவ் பண்ணலைன்னா?"

"அப்ப அம்புட்டுத்தான்," என்றேன், உலகம் தெரிந்தவன்போல.

"எங்க, பண்ணிக் காட்டு."

ஒரு பெரிய மனுஷி என்னிடம் பாடம் கேட்கிறாள். அழுகையெல்லாம் காய்ந்துவிட்டது. வீரனைப் பட்டணத்துக் கிணற்றடிக்கு நடத்திப்போய், பொத்தானை அழுத்தினேன். பிறகு அவனை அகழியில் குதிக்கவிட்டேன். முதலை விழுங்கியது. திரை இருட்டியது. அவள் "ஐயோ" என்றாள். வீரன் கிணற்றடியில் சிரித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தடவ காட்டு."

காட்டினேன். அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். மறுபடியும் கேட்டாள். கேட்டபோதெல்லாம் அவனைக் கொன்று எழுப்பினேன். கேம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். விளையாடிப் பார்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் கடுமையாகத்தான் இருந்தது.

பிறகு நான் அணைத்ததும் பெட்டியை வாங்கி, கேட்டுக்கு வெளியே வேலியில் தொங்கிய தன் தூக்குச்சட்டிப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது மாமாவுக்குத் தெரியாமல் என் கையில் திணித்து, "இனிமே இங்கன கொண்டு வராதய்யா," என்றாள். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது வைப்பாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. தண்ணீரில்லாத ஆற்று மணலில் யாரோ ஒரு மட்டக்குதிரையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பட்டாணியின் ஞாபகம் வந்தது. கிணற்றடியில் சேவ் பண்ண நான் அழுத்திய பொத்தான். ஒரே ஓர் இடம். வயிற்றுவலி இந்தத் தடவை நிஜமாகவே வந்தது. விருதுநகர் வருவதற்குள் மாமா இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

அக்கா வந்து, பெட்டியைத் திறந்து, வெகுநேரம் பார்த்தாள். தங்கக் கூரைகள் இருந்தன. குதிரை இல்லை.

"பட்டாணி எங்கலே?"

அடியைத் தள்ளிப்போட எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிக்க வைப்பது. காலையில் இருந்து நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன். வாட்ச்மேன் பீடி கேட்டது, வயிற்றுக்குள் எக்காளம், எல்லாம். அக்காவின் உதடு லேசாகத் துடித்தது. தப்பித்தோம் என்று இன்னும் உற்சாகமாகி, அந்த அத்தை குனிந்து பார்த்ததையும் "இன்னொரு தடவ காட்டு" என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும் அவள் குரலிலேயே செய்துகாட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. "சேவ் பண்ணலைன்னா என்னாகும்னு கேட்டாகளா?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"அம்புட்டுத்தான்னு சொன்னேன்."

அக்கா பெட்டியை மெதுவாக மடக்கினாள். என் கையை ஒடிக்கவில்லை, காதைக்கூடத் திருகவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அடிக்கப்போகிறவள் முகமும் அது இல்லை, மன்னிக்கிறவள் முகமும் இல்லை. பட்டாணிக்காகத்தான் இப்படி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "புதுசா ஆரம்பிச்சா பட்டாணி திரும்ப வந்துரும்க்கா," என்றேன்.

"போயிச் சோத்தத் தின்னு."