மூன்றாவது வளைவுக்கு மேலே

ஏப்ரல் பிறந்தால் என் கைபேசிக்கு ஓய்வே இருக்காது. "சேர், ரேஸ் பாக்க எங்க நின்னா நல்லது?" என்று பழைய மாணவர்கள் கேட்பார்கள். கொழும்பிலிருந்து வரும் அவர்களுடைய நண்பர்களுக்கும் என் இலக்கம் போய்விடும். ஹட்டனில் தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருக்கும் தலவாக்கலைப் பக்கத்து மலைப்பாதையில் நடக்கிற கார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

நானும் சளைக்காமல் வழி சொல்வேன். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பாதையைக் கடக்க விடமாட்டார்கள். எந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறீர்களோ அந்தப் பக்கம்தான் பொழுது சாயும்வரை. கழிவறை இருக்கிற பக்கமாகப் பார்த்து மாட்டிக்கொள்ளுங்கள். காலை வெயிலை நம்பாதீர்கள். இரண்டு மணிக்கு மேல் வட்டகொடைப் பக்கமிருந்து மூடுபனி ஏறினால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். வளைவின் வெளிப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள், பிடி தவறிய கார் அங்கேதான் வந்து விழும். அட்டைக்குப் பயந்தால் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வாருங்கள். இரண்டாவது வளைவில் கடை போடுகிற முஸ்லிம் நானாவிடம் ரொட்டி நன்றாக இருக்கும், ஆனால் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். பிந்திப் போகிறவர்களுக்கு அவருடைய சிரிப்பு மட்டும்தான்.

இவ்வளவையும் சரியாகச் சொல்லிவிட்டு, எங்கே நிற்பது என்ற கேள்விக்கு மட்டும் கேலரியைக் கைகாட்டி விடுவேன். கேலரியில் நின்றால் இரண்டே இரண்டு வளைவுதான் தெரியும். முழுப் பாதையும் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வளைவுக்கு மேலே, ஒன்பதாம் நம்பர் மலை. மலை என்று நாங்கள் சொல்வது தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பிரித்து வைத்திருக்கிற ஒரு துண்டுத் தேயிலையை. அந்த இடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. அது என் அக்காவின் இடம்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. மறு வாரமே அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். கலியாணம் பேசி வந்தவர்களையெல்லாம் தம்பி படிக்கிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பிறகு யாரும் வரவில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே பைத்தியம் இந்த ரேஸ்தான். பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பழகுவதற்காகக் கார்களை ஓட்டிப் பார்ப்பார்கள். அக்கா குனிந்த தலை நிமிராமல் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே, சத்தத்தை மட்டும் வைத்து இன்ன கார் என்று சொல்லிவிடுவாள்.

"போன வருசம் வந்த செவப்புக் காருதான். மூணாவது வளைவுக்கு வந்தா இவனுக்கு உசுரு போகுது பாரு, கியரக் கொறைக்கிறான்" என்பாள். எட்டிப் பார்த்தால் சிவப்புக் காராகத்தான் இருக்கும். அக்கா தன் வாழ்நாளில் ஏறியதெல்லாம் பஸ்ஸும் தோட்டத்து லொறியும் மட்டும்.

ஒன்பதாம் நம்பர் மலையில் இடம் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் வீட்டிலிருந்து பழைய கூடைகளைக் கொண்டுவந்து மழைத்தண்ணீர் ஓடுகிற கானின் ஓரமாக வரிசையாகக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்த கூடை இருந்தால் அந்த இடம் ஒருவருக்குச் சொந்தம். வேலையை மேற்பார்க்கிற, எதற்கும் சத்தம் போடுகிற கண்டாக்கையாகூட அதைத் தொடமாட்டார். அக்கா எப்போதும் இரண்டு கூடை கவிழ்ப்பாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. உயர்தரம் படிக்கும்வரை நான் போய் உட்கார்ந்தேன். ஆசிரியர் நியமனம் கிடைத்து ஹட்டனில் வாடகை வீடு எடுத்த பிறகு போகவில்லை. அக்கா மட்டும் கூடையைக் குறைக்கவில்லை.

"எடம் போட்டு வச்சிருக்கேன். வந்தா வா, வராட்டிப் பரவால்ல" என்று ஒவ்வொரு வருடமும் போனில் சொல்வாள்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், வெட்கம்தான். வேறு மரியாதையான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. சொந்த இடம் தலவாக்கலை டவுன் என்று பாடசாலையில் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பொய்யை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டுத் தேயிலைக்கு நடுவில் பெண்களோடு கூடைமேல் உட்கார்ந்து கைதட்ட முடியுமா? சக ஆசிரியர்களோடு கேலரிக்கே போனேன். சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனேன்.

மூன்று வருடங்களுக்கு முந்திய பந்தயம் அது. ஒரு ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. மலை முழுவதும் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. என் பக்கத்தில் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் நின்றிருந்தார், நல்ல மனிதர். அவர் என் தோளைத் தொட்டு மேலே காட்டினார்.

"சேர், அங்க மேல ஒரு அம்மா ஒங்களப் பாத்துத்தான் கை ஆட்டுறாங்க போல. தெரிஞ்சவங்களா?"

பார்த்தேன். புதுவருடத்துக்கு அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலை. தலைத்துண்டை அவிழ்த்து ஒரு கையில் பிடித்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து ஆட்டினார்கள்.

"யாரோ தோட்டத்துப் பொம்பளைங்க சேர். ரேஸ் நாள்ல எல்லாருக்கும்தான் கை ஆட்டுவாங்க" என்றேன். சொல்லிவிட்டு மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தக் கணித ஆசிரியரின் அம்மாவும் அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்து பறித்தவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் அதை மறைக்கவே இல்லை. ஆசிரியர் அறையில் பலமுறை சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மேலே ஏறிப்போய் அக்காவோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டிருப்பார். நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அன்று மாலை அக்கா இருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு கிழமை கழித்துப் போனபோது அக்கா பிளேன்டீயும் முறுக்கும் வைத்தாள். பந்தயத்தைப் பற்றிப் பேசினாள், கையாட்டியதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரிந்திருக்கப் போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அடுத்த இரண்டு ஏப்ரலும் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை. ஏப்ரலில் எந்தப் பரீட்சை என்று அக்கா கேட்கவில்லை.

இந்த வருடம் நானே போன் எடுத்தேன். "அக்கா, நான் வர்றேன். மேல ஒக்காந்து பாப்போம்" என்றேன். "வாடா" என்றாள்.

காலை ஆறரைக்கே லயத்துக்குப் போய்விட்டேன். அக்கா வாசலில் பலகைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வேலையிலிருந்து நின்று ஆறு மாதமாகிறதாம். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எனக்கு முட்டி ஏறாதுடா. நீ போய்ப் பாரு. இவகிட்டச் சொல்லி ஒனக்குக் கூடை போட்டு வச்சிருக்கேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டினாள். அக்காவோடு பல வருடம் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவள், ரேஸ் நாளில் பக்கத்துக் கூடையில் உட்காருகிறவள் அவள். நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்ட எடத்த யாராவது சும்மா விடுவாங்களா? போ" என்று விரட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மலை ஏறினேன். மற்றப் பெண்கள் "வாங்க வாத்தியார் தம்பி" என்று விலகி வழிவிட்டார்கள். கூடைமேல் உட்கார்ந்து கீழே பார்த்தேன். தொடக்கக் கோட்டிலிருந்து கடைசி வளைவுவரை பாதை முழுவதும் தெரிந்தது. நேர் எதிரே கேலரி. அங்கே ஒருவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுவது தெரிந்தது. இரண்டு பேர் பேசிக்கொள்வதும், ஒருவர் எங்கள் பக்கம் கைகாட்டுவதும், மற்றவர் திரும்பிப் பார்ப்பதும் தெளிவாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு எந்தக் கார் ஓடியது, எது முந்தியது என்று எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

பந்தயம் முடிந்து இறங்கியபோது அக்கா அதே பலகையில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து போஞ்சிக்காயை மடியில் போட்டுக்கொண்டு உடைக்க உட்கார்ந்தாள்.

"கடைசி ஓட்டத்துல நீல வண்டிதானே மொதல்ல? இங்கேருந்தே கேட்டுச்சு" என்றாள் அக்கா.

"ஆமாக்கா" என்றேன். எனக்குத் தெரியாது.

அவள் காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டாள். "தம்பி, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அன்னிக்கு நான் கை ஆட்டுனப்ப, ஒங்கூட நின்ன சேரு என்னையக் காட்டி என்னமோ கேட்டாரு. நீயும் திரும்பிப் பாத்துட்டு என்னமோ சொன்ன. என்னடா சொன்ன?"

இதற்கான பதிலை மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டேன் அக்கா, உன்னைத் தெரியாது என்று சொன்னேன், என்னை ஏசு, அடி என்று. அன்று காலை பஸ்ஸில் வரும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். அக்காவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை. ஆசையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கான்னு சொன்னேன்" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி? மூணு வருசமா என்னையப் போட்டுக் கொன்னாளே! 'ஒந்தம்பி ஒன்னையத் தெரியாதுன்னு சொல்லிட்டு முதுகக் காட்டிட்டுப் போயிருச்சு'ன்னு. என் தம்பி அப்பிடிச் சொல்லுமா? இப்ப என்ன சொல்ற?"

அந்தப் பெண் போஞ்சியை உடைப்பதை நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். அக்காவையும் ஒருமுறை பார்த்தாள்.

"தப்புதாங்க்கா. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றாள். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்கங்க தம்பி" என்றாள்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லங்க" என்றேன்.