என் படத்தைக் காட்டி விற்ற பொடி

போன வருடம் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். மலையடிவாரத்து நல்லதண்ணிக் கடைத்தெருவில், பட்டப்பகலில், அத்தனை சனத்துக்கும் நடுவில் நான் சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் அதை இன்றைக்கும் மானக்கேடு என்கிறார்கள். எது மானக்கேடு என்று முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். கணவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. எனக்கு இள வயதிலேயே உடம்பு பெருத்து, சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, வந்துவிட்டது. படுத்தால் மூச்சடைக்கும், சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவேன். எங்கள் லயத்து வீட்டுப் படி ஏறவே முழங்கால் மறுக்கும். பஸ்ஸில் ஏறினால், "அக்காவுக்கு ரெண்டு டிக்கட்" என்பான் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வேறென்ன செய்ய?

கொழும்பு கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாதான் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுக்கும் ஒபரேஷனைப் பற்றிச் சொன்னார். இது அழகுக்கு இல்லை, உயிருக்கு என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து சொன்னேனோ இல்லையோ, என் நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தார். "வாயக் கட்ட முடியாதவ வயித்த வெட்டிக்கப் போறாளாம்!" அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

ஒபரேஷன் முடிந்தது. நோகாமல் இளைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் தண்ணீரையே வாய் வாயாகத்தான் குடிக்கலாம். பிறகு கஞ்சித் தண்ணி, கரைத்த சோறு. ஆசைப்பட்டு அரை இட்லி கூடுதலாகச் சாப்பிட்டால் அத்தனையும் வாந்தி. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டும். ஆனால் மாதங்கள் போகப் போக எடை இறங்கியது, சீனியும் இறங்கியது. டாக்டரம்மா பார்த்துப் பார்த்துத்தான் சீனி மாத்திரையைக் குறைத்தார். ஒரு நாள் விடியும்வரை மல்லாந்து படுத்துத் தூங்கி எழுந்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகை சந்தோஷ அழுகை.

இதற்கிடையில், நான் படுக்கையில் கிடந்தபோதே, பித்தப்பையில் கல், அதற்குத்தான் ஒபரேஷன் என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். தின்று பெருத்ததை வெட்டி எடுத்தோம் என்று வெளியே சொல்ல வெட்கமாம். எதிர்த்துப் பேச அப்போது எனக்குத் தெம்பில்லை.

நாத்தனாரின் கணவர் சீசனுக்குச் சீசன் நல்லதண்ணியில் கம்பளித் தொப்பி, விளையாட்டுச் சாமான் கடை போடுவார். நடந்து பார்க்க வேண்டுமென்ற ஆசையில் நானும் கணவரும் அங்கே போனோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கேயும் நிற்காமல் கடைத்தெருவைக் கடந்தேன். மூச்சு வாங்கவே இல்லை! எனக்கு வாயெல்லாம் பல்.

கடை வாசலில் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. ஒரு பலகையில் என் படம் இரண்டு. ஒன்று, நாத்தனார் மகள் சடங்கில் குனிந்து பந்தி பரிமாறும் பெருத்த நான். பக்கத்தில் தீபாவளிக்கு எடுத்த மெலிந்த நான். கீழே பொடிப் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. உடம்பும் இளைக்கும், சீனியும் மாறும், வேறு மருந்தே வேண்டாமாம்!

உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "என்னண்ணே இது?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நம்ம குடும்பத்துக்குள்ள என்ன தங்கச்சி, சும்மா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த நேரம் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிப்பவளாம். முன்பு நான் இருந்தது போலவே பெருத்த உடம்பு. "அக்கா, படத்துல இருக்கிறது நீங்கதானே! ஒங்களப் பாத்துத்தான் வாங்கினேன். முடிஞ்சிருச்சு, இன்னும் வாங்க வந்தேன். சீனி மாத்திரையெல்லாம் நிப்பாட்டிட்டேங்கா" என்றாள். முகமெல்லாம் நம்பிக்கை.

என் கண் அவள் காலுக்குப் போனது. செருப்பு மேல் பழைய துணிக்கட்டு. பாதம் வீங்கிக் கருத்திருந்தது, வாடையும் வந்தது. தேயிலை மலையில் வெட்டிப்போட்ட குச்சி குத்திய காயமாம். வலியே தெரியவில்லை, ஆறிவிடும் என்றாள். சீனிக்காரிக்கு வலி தெரியாத காயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

பொடியில் ஒன்றுமில்லை, எனக்கு ஒபரேஷன் என்றேன். அவள் நம்பவில்லை. கல்லுக்குத்தானே ஒபரேஷன், பொடியில்தானே இளைத்தீர்கள், கடைக்கார அண்ணன் சொன்னாரே என்றாள். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் சேலையை விலக்கினேன். வயிற்றில் இருக்கும் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். "கல்லும் இல்ல மண்ணும் இல்ல. இரைப்பைய வெட்டித்தான் இளைச்சேன். இந்தப் பொடிய நான் கண்ணால கண்டது இன்னைக்குத்தான்!" என்று கத்தினேன். பலகையிலிருந்து என் படங்களைப் பிய்த்துக் கிழித்தேன். கணவர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலே போயிருக்கும் என்றார்கள்.

நாத்தனார் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயிற்றைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டேனாம். அவர் கணவரோ, நான் விஷமா கொடுத்தேன், கொள்ளும் சீரகமும்தானே என்கிறார். அந்த விரல்களைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வார்டில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இப்படி ஒரு வைத்தியம் இருக்குன்னு ஏங்கா ஒருத்தரும் சொல்லல?"

நான் பெருத்திருந்தபோது என் உடம்பைப் பற்றிப் பேச பஸ் கண்டக்டர் முதல் எல்லாருக்கும் வாய் இருந்தது. நான் பிழைத்தது எப்படி என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன்.