கண் சிமிட்டிய புது மாடல்

என்னைவிடப் பெரிய மடையன் தென்காசியில் இருந்தால் காட்டுங்கள், சால்வை போடுகிறேன். கல்யாண வீடுகளில் டிஜேயாகப் பிழைக்கிற நான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த, பாட்டு மிக்ஸ் பண்ணுகிற மெஷினை பாவூர்சத்திரத்தில் இருக்கும் இன்னொரு டிஜே நண்பனிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கிப் புது மாடல் எடுத்தேன். அதில் எரிகிற லைட்டுக்கு மண்டபத்து சீரியல் செட்டே தோற்றுப்போகும்.

குற்றாலத்தில் முதல் ரிசப்ஷன். மெஷின் ஜோராகக் கண் சிமிட்டியது. பாட்டெல்லாம் இருக்கிற என் பழைய லேப்டாப்போடு மட்டும் சேர மறுத்துவிட்டது. புது மாடலுக்குப் புது லேப்டாப்தான் வேண்டுமாம்! மாப்பிள்ளையின் தோழர்கள் கூலிங் கிளாஸ் மாட்டி ஆடத் தயாராக நின்றார்கள்.

"அண்ணாச்சி, பாட்டு வருமா, இல்ல நாங்களே பாடட்டுமா?"

ஓரமாக ஓடி நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, என் பழைய மெஷினத் தூக்கிட்டு ஓடி வாலே, மானம் போவுது!"

"அத வித்துட்டு நானும் புது மாடல் வாங்கிட்டேன்லே."